சஸ்காச்சுவான்: மேலே தண்ணீர் போதாது, கீழே தண்ணீர் கூடாது

உரக்கடையில் பொட்டாஷ் மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளினால், செங்கல்பொடி தூவிய கல்லுப்பு போல இருக்கும். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. இந்தியாவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. கப்பலில்தான் வர வேண்டும். உலகம் முழுவதும் வெட்டியெடுக்கும் பொட்டாஷில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கனடாவின் ஒரே மாகாணத்திலிருந்து வருகிறது. அதுதான் சஸ்காச்சுவான். உடைத்த மைசூர் பருப்புக்கும் அதே கதை. இலங்கைக் கடைகளில் விற்கும் பருப்பில் கணிசமான பங்கு கனடாவில் விளைந்தது. கனடாவில் விளையும் மசூரில், அதாவது இதே மைசூர் பருப்பில், மிகப் பெரும்பகுதி இந்த மாகாணத்தின் வயல்களில் விளைந்தது.

இந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வசனம் தவறாமல் வரும். “வருஷம் பூரா பனி, நடுவில் கொஞ்சம் கோதுமை” என்பது ஒன்று. “மண்ணைத் தோண்டினால் பணம், அவர்களுக்கென்ன குறை” என்பது இன்னொன்று. முதல் வசனம் பாதி சரி. இரண்டாவது பாதிகூடத் தேறாது. குளிர்தான் அங்கே எதிரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கே உழுகிறவரையும் சுரங்கத்தில் இறங்குகிறவரையும் உண்மையில் படுத்துவது தண்ணீர். வயலில் அது போதாது. சுரங்கத்தில் அது வரவே கூடாது. குளிரோ பல இடங்களில் சம்பளம் வாங்காத வேலைக்காரன்.

அளவுகோல் வைத்துக் கிழித்த எல்லை

கனடாவின் 10 மாகாணங்களில் ஆறோ மலையோ கடலோ எல்லையாக இல்லாதது இது ஒன்றுதான். தெற்கே 49 பாகை அட்சரேகை, அதற்கப்பால் அமெரிக்கா. வடக்கே 60 பாகை. இரு பக்கமும் ஏறத்தாழத் தீர்க்கரேகைகளை ஒட்டிய கோடுகள். துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால், வரைபடத்தில் மாகாணம் மேலே குறுகிய பெட்டியாகத் தெரியும். பரப்பு சுமார் 6.5 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 11.3 லட்சம். தலைநகர் ரெஜைனா, அதைவிடப் பெரிய நகரம் சஸ்கட்டூன்.

நெடுஞ்சாலையில் குறுக்கே போகிறவர்கள் “ஒரே தட்டை” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் பார்த்தது தென்பகுதியை மட்டும். மாகாணத்தின் பாதிக்கு மேல் காடு. வடக்கு மூன்றிலொரு பங்கு ‘கனடியக் கேடயம்’, அதாவது கண்டத்தின் அடித்தளமாக இருக்கும் மிகப் பழைய கடும்பாறை நேராக வெளியே தெரியும் நிலம். அங்கே மண் மெல்லிய போர்வைதான். எங்கு பார்த்தாலும் ஏரி. தெற்கே தட்டையாக இருப்பதற்குக் காரணம் பனியுகம். கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்படலம் ஊர்ந்து போய், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் உருகி விலகியது. அரைத்த களிமண்ணையும் எங்கிருந்தோ உருட்டிவந்த கற்களையும் விட்டுச் சென்றது. ரெஜைனாவைச் சுற்றியுள்ள பலகை போன்ற சமவெளி, அப்படி உருகிய நீர் தேங்கி நின்ற ஏரியின் தரை. அந்தக் கற்கள் பருப்பு வயலில் மறுபடி வரும்.

தோசைக்கல்லும் தண்ணீர்க் குடமும்

அடுப்பில் தோசைக்கல்லை வைத்தால் இரண்டு நிமிடத்தில் சுடும்; இறக்கினால் சீக்கிரம் ஆறிவிடும். ஒரு குடம் தண்ணீர் சூடேறவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். கடலோர ஊருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பெரிய குடம் இருக்கிறது. கண்டத்தின் நடுவில் இருக்கும் ஊருக்குத் தோசைக்கல் மட்டும்தான். இப்படிக் கடலின் தணிப்பு இல்லாமல் வெயிலும் குளிரும் எல்லை கடக்கும் தட்பவெப்பத்துக்குக் ‘கண்டத் தட்பவெப்பம்’ என்று பெயர்.

ரெஜைனாவில் ஜனவரி சராசரி சுமார் -15 டிகிரி, ஜூலையில் 19. இது சராசரி. உச்சங்களைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 1893 பிப்ரவரி 1 அன்று பிரின்ஸ் ஆல்பர்ட்டில் -56.7 டிகிரி. 1937 ஜூலை 5 அன்று மிடேல், யெல்லோ கிராஸ் என்ற இரண்டு சிற்றூர்களில் 45 டிகிரி. கனடாவிலேயே அதிகபட்ச வெப்பம் என்ற பெயரை அந்த 45 டிகிரி 2021 வரை, 84 ஆண்டுகள் வைத்திருந்தது. “வருஷம் பூரா பனி” ஊரின் கணக்கு இது.

மழைக்கு வருவோம். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ராக்கி மலைத்தொடரில் ஏறும்போது குளிர்ந்து, மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்குவது வறண்ட காற்று. மலைக்கு இந்தப் பக்கம் கிடக்கும் நிலம் மழை மறைவுப் பகுதி. வடக்கே ஆர்க்டிக் பக்கமோ, குளிர்காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூட இல்லை. தென்சஸ்காச்சுவானில் பனியையும் சேர்த்து ஆண்டுக்கு 350 முதல் 400 மி.மீ. விழுந்தால் சாதாரண ஆண்டு.

அவ்வளவு குறைந்த மழையில் விவசாயம் எப்படி நடக்கிறது? மழையில் பெரும்பகுதி மே முதல் ஜூலைக்குள், பயிர் கேட்கும் நேரத்தில் பெய்கிறது. ஜூனில் ஒரு நாளைக்கு 16 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருப்பதால் பயிர் விரைந்து வளர்கிறது. குளிர்காலப் பனியும் வீண் போவதில்லை. ஐந்து மாதம் கிடந்து, வசந்தத்தில் உருகி மண்ணுக்குள் இறங்குகிறது. அதனால்தான் அறுவடையில் அரிதாளைக் கொஞ்சம் உயரமாக விட்டு அறுக்கிறார்கள். நிற்கும் தாள் காற்றில் ஓடும் பனியைப் பிடித்து வயலிலேயே நிறுத்திக்கொள்ளும். குளிர் இங்கே ஏரி வெட்டாமல் தண்ணீர் சேமித்துத் தருகிறது.

சுருக்கமாக, கடல் தூரம், மேற்கே மலை, வடக்கே திறந்த வெளி. இந்த மூன்றும் சேர்ந்து குறைந்த மழையும் எல்லை கடந்த வெப்பநிலையும் தருகின்றன. உறைபனி இல்லாத நாட்கள் ஆண்டில் 100 முதல் 120. பயிர் செய்வதெல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

வறட்சியை விரும்பும் பருப்பு

1857 முதல் 1860 வரை இந்தச் சமவெளியை ஆராய வந்த ஜான் பாலிசர், தென்மேற்கில் ஒரு முக்கோணத்தைக் குறித்து, விவசாயத்துக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டுப் போனார். ரயில் வந்ததும் குடியேற்றமும் வந்தது. அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. 1930களில் தொடர் வறட்சி வந்தபோது, உழுது உழுது பொடியாகிக் கிடந்த மேல்மண் காற்றில் எழுந்து போனது.

இதில் உழவு முறைக்கும் பங்கு உண்டு. ஈரம் சேரட்டும் என்று ஓராண்டு விட்டு ஓராண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டு, களை வராமல் உழுதுகொண்டே இருப்பது அன்றைய வழக்கம். போர்வையில்லாத மண்ணைக் காற்று அள்ளியது; கீழிருந்து உவரும் ஏறியது. இன்று பெரும்பாலான வயல்களில் உழவே இல்லை. போன அறுவடையின் தாள் நிற்கும்போதே அதனூடே விதையையும் உரத்தையும் காற்றழுத்தத்தால் மண்ணுக்குள் செலுத்தும் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். தரிசு கிடந்த ஆண்டில் போட ஒரு பயிர் தேவைப்பட்டது. அந்த இடத்துக்கு வந்ததுதான் மசூர். சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தின் பயிர் மேம்பாட்டு மையம் 1971-ல் தொடங்கியது. அங்கே ஆல் ஸ்லின்கார்ட் உருவாக்கிய ‘லேர்ட்’ ரகம் 1978-ல் வெளிவந்தது. அதற்குமுன் இந்த மாகாணத்தில் மசூர் பெயருக்குத்தான் இருந்தது.

மசூருக்கு ஒரு விசித்திரக் குணம். ஈரம் இருக்கும்வரை கொடி வீசிப் பூத்துக்கொண்டே இருக்கும். காய் முற்றவைக்க மனம் வராது. மண் காய்ந்து செடிக்குத் தாகம் எடுத்தால்தான் “இனிப் போதும்” என்று காயில் கவனம் வைக்கும். பாலிசர் ஒதுக்கிய வறண்ட தென்மேற்கு இந்தப் பயிருக்கு ஏன் ஏற்றது என்பது இதில் அடங்கிவிடுகிறது. 2016 போல மழை அதிகமான ஆண்டில் வேர் அழுகுகிறது, இலையில் பூஞ்சணம் பிடிக்கிறது. வேரழுகல் கிருமி ஒருமுறை வயலில் குடியேறினால், ஆறு முதல் எட்டு ஆண்டுகள் அங்கே மசூரோ பட்டாணியோ போடாமல் இருக்கச் சொல்கிறார்கள்.

விதைப்பு மே முதல் பாதியில். அப்போதும் உறைபனி வரும். முளைத்த தளிர் கருகும். ஆனால் மசூரின் விதையிலைகளும் அடிக்கணுக்களும் மண்ணுக்குள்ளேயே இருப்பதால், அங்கிருந்து மறுபடி தளிர்க்கும். விதைத்த கையோடு கனமான உருளையை வயல் முழுக்க ஓட்டுவார்கள். செடி ஒன்றே கால் அடி உயரம்தான், காய் தரையை ஒட்டித் தொங்கும். அறுவடை இயந்திரத்தின் கத்தி தரையை உரசிக்கொண்டு போக வேண்டும். பனிப்படலம் விட்டுச்சென்ற கற்களை இப்போதே மண்ணுக்குள் அழுத்தாவிட்டால் ஆகஸ்டில் கத்தி உடையும், பருப்போடு கல் சேரும். களஞ்சியத்தில் ஈரப்பதம் 13, 14 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடுங்குளிரில், -20 டிகிரிக்குக் கீழே, தானியத்தை அள்ளிக் கொட்டினால் தோல் உரிந்து உடையும் என்பதால் அந்த நாட்களில் அள்ள மாட்டார்கள், ஏற்ற மாட்டார்கள், காத்திருப்பார்கள்.

கோதுமை, டியூரம் என்ற கடினக் கோதுமை, கனோலா என்ற எண்ணெய்வித்து எல்லாம் இதைவிடப் பெரிய பரப்பில் விளைகின்றன. கனடாவின் விளைநிலத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த மண்ணின் தர்க்கத்தை மசூர் போல வேறெதுவும் விளக்காது.

காய்ந்துபோன கடல்

இப்போது தரைக்கடியில் போவோம். உப்பளத்தில் கடல்நீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் விட்டால் முதலில் சுண்ணமும் ஜிப்சமும் படியும், பிறகு சமையல் உப்பு. உப்பை வாரியபின் மிச்சமிருக்கும் கசப்பு நீரை வெளியே விட்டுவிடுவார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் அந்தக் கசப்பு நீரில்தான் இருக்கின்றன. எளிதில் கரைவது கடைசியில் படியும்.

சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஓர் ஆழமில்லாத உள்கடல் இருந்தது. அன்று இந்த நிலம் வெப்பமண்டலத்தில் இருந்தது. பவளத்திட்டு போன்ற தடுப்பொன்று வாசலைக் குறுக்கியதால் கடல்நீர் சிறிது சிறிதாக வந்துகொண்டும், வெயில் அதை ஆவியாக்கிக்கொண்டும் இருந்தது. கசப்பு நீரை வெளியே விட ஆள் இல்லை. அது அங்கேயே கிடந்து, கடைசியில் பொட்டாசியம் குளோரைடும் படிந்தது. மேலே பல படிவுகள் மூடி, உப்பு பத்திரமாகிவிட்டது. சஸ்கட்டூன் அருகே அது சுமார் 1 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது, தெற்கே சரிந்துகொண்டே போய், ரெஜைனா பக்கம் 1.6 கி.மீ. ஆகிறது. 1940களில் எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள்தான் இதைக் கண்டார்கள்.

மூட்டையில் அச்சிட்ட 60 என்ற எண்ணைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. மீதி 40 கலப்படம் என்று சிலர் நினைக்கிறார்கள். விறகுச் சாம்பலைப் பானையில் காய்ச்சிய காலத்து வேதியியல் வழக்கப்படி, சத்தைப் பொட்டாசியம் ஆக்சைடு கணக்கில் எழுதுகிறார்கள். நூறு சதவீதம் தூய பொட்டாசியம் குளோரைடே அந்தக் கணக்கில் 63 தான். எனவே 50 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 47.5 கிலோ பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. அதில் பொட்டாசியம் மட்டும் சுமார் 25 கிலோ.

கிணற்றில் இறங்கும் ஆபத்து

‘ஷாஃப்ட்’ என்பது ஆளும் சரக்கும் ஏறி இறங்கும் செங்குத்துக் கிணறு. உப்பை எட்டுவதற்குமுன், 400 மீட்டர் ஆழத்தை ஒட்டி, பிளேர்மோர் எனப்படும் மணல் அடுக்கு வரும். அது கடும் அழுத்தத்தில் நீர் நிறைந்த சேறு. 1950களில் யூனிட்டி ஊரருகே தோண்டிய முயற்சி இப்படி வெள்ளத்தில் முடிந்தது. எஸ்டர்ஹேசி என்ற ஊரில் வேறு வழி கண்டார்கள். கிணறு வரவேண்டிய இடத்தைச் சுற்றிக் குழாய்கள் இறக்கி, உறைநிலைக்கு வெகு கீழே குளிர்வித்த உவர்நீரை ஓடவிட்டு, அந்த மணலையே பனிக்கட்டிச் சுவராக்கினார்கள். அந்தச் சுவருக்குள் தோண்டி, இரும்பு வளையங்களை அடுக்கி அடைத்தார்கள். 1957-ல் தொடங்கிய கிணறு 1962-ல்தான் முடிந்தது. பனிக்கு நடுவே வாழ்கிறவர்கள் பூமிக்குள்ளும் பனியைச் செய்து இறக்க வேண்டியிருந்தது.

கீழே போனபின்பும் பயம் தீராது. நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் கசிந்தால் இறைத்துக்கொட்டலாம்; பாறை அப்படியே நிற்கும். உப்புச் சுரங்கத்தில் நீர், தான் வந்த வழியையே கரைத்துப் பெரிதாக்கும். ஊசித்துளை வாய்க்காலாகும். கூரையைத் தாங்கும் தூண்களும் உப்புதானே. எஸ்டர்ஹேசியில் 1985-ல் தொடங்கிய கசிவை 35 ஆண்டுகளுக்கு மேல் இறைத்தும் அடைத்தும் சமாளித்தார்கள். 2021-ல் அது அதிகரிக்கவே, பழைய இரண்டு கிணறுகளையும் மூடிவிட்டுப் பக்கத்துப் புதிய கிணற்றுக்கு மாறினார்கள். பேஷன்ஸ் லேக் சுரங்கம் 1987-ல் மூழ்கியது. பெயரில் பொறுமை இருந்ததாலோ என்னவோ, அதைக் கைவிடவில்லை. அந்தக் கதை அடுத்த பகுதியில்.

உப்பிலிருந்து உப்பைப் பிரிப்பது

வெட்டியெடுக்கும் தாதுவில் பாதிக்கும் குறைவாகத்தான் பொட்டாசியம் குளோரைடு; மீதியில் பெரும்பங்கு சாதாரண உப்பு. இரண்டும் உப்பு, இரண்டும் கரையும். பிரிக்க இரண்டு வழி.

முதலாவது நுரை மிதப்பு. தாதுவை அரைத்து, இனி எதையும் கரைக்க முடியாத செறிந்த உவர்நீரில் கலக்கிறார்கள். ‘அமீன்’ என்ற கொழுப்பு போன்ற பொருளைச் சேர்த்தால் அது பொட்டாசியத் துகள்களின்மேல் மட்டும் படியும். கீழிருந்து காற்றை விட்டால், அமீன் பூசிய துகள்களைக் குமிழி தொற்றிக்கொண்டு மேலே தூக்கும். உப்பு அடியில் தங்கும். மேலே நுரையை வழித்தெடுக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, கரைத்தெடுத்தல். ஆள் இறங்கவே மாட்டார். குழாயில் சுடுநீரை இறக்கிக் கரைத்து மேலே இழுப்பார்கள். சர்க்கரைப் பாகு ஆறும்போது கற்கண்டு படிவது போன்ற வித்தைதான் அடுத்தது. 100 கிராம் தண்ணீர் கொதிநிலையில் 56 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைக்கும், 20 டிகிரியில் 34 கிராம்தான். சமையல் உப்புக்கோ 39, 36. பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே கரைசலை ஆறவிட்டால் படிவது பெரும்பாலும் பொட்டாஷ். ஆறவைக்க இயந்திரம் எதற்கு? வெளியே -30 டிகிரி இருக்கிறதே. திறந்த குளத்தில் விட்டு, படிந்ததை அடியிலிருந்து வாருகிறார்கள். மூழ்கிய பேஷன்ஸ் லேக் இப்படித்தான் பிழைத்தது.

ஆக, பொட்டாஷ் என்பது கடல் காய்ந்ததால் கிடைத்தது. நீர் புகுந்தால் சுரங்கம் அழியும். நீரை நாமே திட்டமிட்டு இறக்கினால் அதுவே எடுத்துத் தரும்.

வடக்கே யுரேனியம்

அதபாஸ்கா வடிநிலத்தில் பழைய கடும்பாறைக்கும் அதன்மேல் உட்கார்ந்த மணற்கல்லுக்கும் இடையிலான எல்லையில் யுரேனியம் சேர்ந்திருக்கிறது. மக்ஆர்தர் ரிவர், சிகார் லேக் என்ற இரண்டு சுரங்கங்களின் தாதுச் செறிவு உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. இங்கேயும் மேலே நீர் நிறைந்த மணற்கல். 2006 அக்டோபரில், உற்பத்தி தொடங்குவதற்கு முன்பே சிகார் லேக் மூழ்கியது. உற்பத்தி 2014-ல்தான் தொடங்கியது. தாதுவை உறையவைத்து, அதற்கு அடியில் உள்ள பாறையிலிருந்து உயரழுத்த நீரைப் பீய்ச்சி அறுத்து, கூழாகக் குழாயில் எடுக்கிறார்கள். அவ்வளவு கதிர்வீச்சுள்ள தாதுவுக்குப் பக்கத்தில் ஆளை நிறுத்த முடியாது.

எண்ணெயும் உண்டு. லாய்ட்மின்ஸ்டர் பக்கம் கெட்டியானது, தென்கிழக்கில் இலகுவானது.

துறைமுகத்துக்கு 1,600 கி.மீ.

வெட்டியதும் விளைந்ததும் பணமாக வேண்டுமானால் கடலை எட்ட வேண்டும். வான்கூவர் சுமார் 1,600 கி.மீ. தூரம், நடுவில் ராக்கி மலை. எல்லாம் ரயிலில்தான். -25 டிகிரிக்குக் கீழே போனால் ரயிலின் நீளத்தைக் குறைக்க வேண்டும்; ரப்பர் இணைப்புகள் விறைத்துக் காற்று கசிவதால் பிரேக் அழுத்தம் கடைசிப் பெட்டியை எட்டாது. குளிர் எதிரியாகும் இடம் இது. 2021 நவம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெருமழை பாதைகளை அரித்தபோது, மழையே பெய்யாத சஸ்காச்சுவானின் சரக்கும் நின்றது.

‘ராயல்டி’ என்பது நிலத்தடிப் பொருளுக்கு உரிமையாளர் என்ற முறையில் அரசு வாங்கும் பங்கு. மாகாணம் 1905-ல் உருவானாலும் இந்த உரிமை ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசிடமிருந்து 1930-ல்தான் கைக்கு வந்தது. அரசோடு செய்த 1874, 1876 ஒப்பந்தங்களில் கலப்பை இறங்கும் ஆழத்துக்கு மட்டுமே நிலத்தைப் பகிர்ந்தோம் என்று முதற்குடி மூத்தோர் சொல்லிவருகிறார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ராயல்டியும் வரியும் விலையோடு ஏறி இறங்கும். விலையை நிர்ணயிப்பது மாகாணம் அல்ல. ஒரே சரக்கை எல்லாரும் ஒரே ஆண்டில் அதிகம் வெட்டினால் விலை சரியும். பட்ஜெட்டில் பள்ளம் விழும்.

பருப்பிலும் அப்படியே. 2016-ல் இந்தியாவில் பருவமழை கைகொடுத்தது. பருப்பு விளைச்சல் பெருகி உள்நாட்டு விலை சரிந்தது. 2017 டிசம்பரில் டெல்லி மசூருக்கு 30 சதவீத இறக்குமதி வரி போட்டது. அடுத்த வசந்தத்தில் தென்மேற்கு சஸ்காச்சுவானில் உருளையை வெளியே எடுக்கும் முன், எத்தனை ஏக்கரில் மசூர் போடுவது என்று விவசாயிகள் மறுபடி கணக்குப் போட வேண்டியதாயிற்று.